மை படாத விரல்

அத்தியாயம் பதினொன்று

“எல்லாரும் சின்ன விரல நீட்டுங்க. இடது கை! பாஹிம், அது வலது கை. எந்தக் கையில மை பூசின எண்டும் மறந்து போச்சா உனக்கு?”

ஸாதியாவின் சத்தம் குசினிவரை கேட்டது. றஸீனா தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹோல் வாசலுக்கு வந்தாள். டீவியில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பேச விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் முன்னால் விரித்த பாயில் மூன்று பேர்: மகள் அஸ்மியா, மகன் பாஹிம், பக்கத்து வீட்டிலிருந்து பின்னேரமே வந்து குடியேறிவிட்ட தங்கச்சி மகள் ஸாதியா. சற்றுத் தள்ளிக் கதிரையில் மருமகன் நௌஷாட்.

உள்ளூராட்சிச் சபைத் தேர்தல் முடிவு பார்க்கிறோம் என்று பேர். இன்னும் ஒரு முடிவும் வரவில்லை. அதற்குள் ஒரு கிலோ கச்சான் கடலை முடிந்து, கோது பாய் முழுக்கப் பரவிக் கிடந்தது.

“மச்சான், நீங்களும் வாங்க. நாலு விரலும் வந்தாத்தான் படம் நல்லா இரிக்கும்” என்றாள் ஸாதியா.

“நான் எடுக்கிறன். நீங்க மூண்டு பேரும் நில்லுங்க” என்று நௌஷாட் அவளுடைய போனை வாங்கினான்.

வாங்கியவன் இரண்டு கையாலும் பிடித்துத்தான் படம் எடுத்தான். அப்போதுதான் றஸீனா பார்த்தாள். இடது கையின் சின்ன விரல் சுத்தமாக இருந்தது. நகத்தில் இல்லை, நகக்கண்ணில் இல்லை, தோலில் இல்லை. ஒரு பொட்டு மை இல்லை.

அவள் கையிலிருந்த தட்டு சரிந்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணி தட்டிலேயே ஊற்றுப்பட்டது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு நௌஷாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இந்த வாரம்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. ஓட்டமாவடிப் பொடியன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. பத்து மாதத்துக்கு முன் அஸ்மியாவை நிக்காஹ் செய்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி ஏறாவூரில் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். வந்தவன்தான். ஆனால் வந்து சேர்ந்துவிட்டானா என்பதுதான் றஸீனாவைப் பத்து மாதமாகக் குடைகிற கேள்வி. போன கிழமை வேலை அதிகம் என்று சொல்லி ஓட்டமாவடியில் தன் அக்கா நஸீபா ராத்தா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டான். அந்த இரண்டு நாளும் அஸ்மியாவின் கண் வீங்கியிருந்தது.

இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு, “ஊருக்குப் போய் வோட்டுப் போட்டுட்டு வாறன்” என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் திரும்பினான். அப்படியானால் மை எங்கே?

அந்த மை இலேசில் போகிற சாமானில்லை. பகல் சமைக்க முதல் றஸீனாவே தன் விரலைத் தேசிக்காயாலும் சவர்க்காரத்தாலும் தேய்த்துப் பார்த்துவிட்டாள். தோல்தான் எரிந்தது.

றஸீனாவுக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருப்பது பல்லிடுக்கில் இறைச்சி நார் மாட்டின மாதிரி. எடுக்கும்வரை வேறு நினைவு ஓடாது. வோட்டுப் போடவில்லை என்றால் போகவில்லை என்று சொல்லலாமே? யாரும் அடிக்கப் போவதில்லை. அப்படியென்றால் ஒன்பது மணித்தியாலம் எங்கே போனான்? கொழும்பில் வெளிநாட்டு ஏஜென்சி? அங்கே போய்வர நேரம் காணாது. வேறு யாராவது பெண்? அஸ்தஃபிருல்லாஹ் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஊற்றுப்பட்ட தேத்தண்ணியைத் துடைத்தாள்.

பத்து மாதத்தில் அவள் மருமகனுக்கு முன்னால் ஹோலில் உட்கார்ந்ததில்லை. மாமிக்கும் மருமகனுக்கும் இடையில் ஒரு மரியாதைத் தூரம் இருக்கிறது. சாப்பாடு வைப்பாள், “போதுமா மருமகன்?” என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள், அவ்வளவுதான். இன்றைக்குத் தட்டை வைத்துவிட்டு, குசினிக் கதவோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அஸ்மியா திரும்பிப் பார்த்தாள். “உம்மா, என்ன புதினம்?”

“ஏன், நானும் வோட்டுப் போட்டவதானே. முடிவு பார்க்கக் கூடாதா?”

ஒன்பது மணிக்குப் பிறகு முடிவுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. நாட்டின் மற்றப் பக்கங்களிலிருந்துதான் முதலில் வந்தன. பாஹிம் பழைய கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கோடு கீறி வைத்திருந்தான். ஒவ்வொரு சபையின் பேர் திரையில் வந்ததும், யார் வெல்லுவது, எத்தனை வீதம் என்று நாலு பேரும் சொல்ல வேண்டும். கிட்ட வருகிறவருக்கு ஒரு புள்ளி. கடைசியில் வருகிறவர் எல்லாக் கோப்பையும் கழுவ வேண்டும்.

முதல் மூன்று சபையும் நௌஷாட்டுக்கு.

“லொத்தர் அடிச்ச மாதிரிச் சொல்றாரு” என்றாள் ஸாதியா.

நாலாவதும் அவனுக்கு. ஐந்தாவதில் அவன் சொன்னதற்கும் வந்ததற்கும் அரை வீதம்தான் வித்தியாசம்.

“மச்சான், இது களவு. உங்களுக்கு ஆரோ முதலே போன்ல சொல்றாங்க” என்று பாஹிம் அவனுடைய போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தான்.

நௌஷாட் சிரித்தான். அவன் சிரித்து றஸீனா பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்பல் ஒன்று சற்று ஏறிப் போயிருந்தது. அதுகூட அவளுக்குத் தெரியாது.

“களவு ஒண்டும் இல்ல. நான் அந்த ஊராக்களோடதான் ஒவ்வொரு நாளும் சோறு தின்ற. இப்ப வந்ததே, அது எங்கட குசினியில வேல செய்ற சுனில் அய்யாட ஊரு. ஆறு மாசமா அவரு ரோட்டுப் போடல்ல எண்டு ஏசிட்டு இரிக்காரு. முந்தி வெண்டவனுக்கு அங்க ஒத்தரும் போட மாட்டாங்க எண்டு எனக்குத் தெரியும்.”

“அதுக்கு முந்தினது?”

“அது துவாய் மடிக்கிற அக்காட ஊரு. அவட மகள் அங்க தேர்தல் கேட்டிரிக்கா. தோக்கிறெண்டு தெரிஞ்சும் கேட்டவ. அக்காவும் மனிசனும் ரெண்டு கட்சி. தேர்தல் முடியும்வரைக்கும் சமைக்கிறேல எண்டு அக்கா சொல்லிட்டாவாம். மனிசன் கடையில பாண் வாங்கித் தின்றாராம்.”

பாயில் இருந்த மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். றஸீனாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தாளில் புள்ளி போடுவது நின்றுபோனது. ஒவ்வொரு ஊரின் பேர் வரும்போதும் எல்லாரும் நௌஷாட்டின் முகத்தைத்தான் பார்த்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த ரூம் பையன், வாகரையிலிருந்து மீன் கொண்டு வருகிற கதிர்காமத்தம்பி, மாத்தறைப் பக்கத்து நீச்சல் சொல்லிக் கொடுப்பவர். ஊருக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கதை. அவர்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள், எதற்குச் சண்டை பிடிப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. நாட்டையே உள்ளங்கையில் வைத்திருக்கிறான் இந்தப் பொடியன் என்று றஸீனா வியந்துபோனாள்.

பத்து மாதமாக இந்த வாய் எங்கே இருந்தது? சாப்பாட்டு மேசையில் “ஓம் மாமி”, “போதும் மாமி” என்பதைத் தாண்டி இவன் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லைதான் என்று அவளுக்குப் பட்டது. பட்டதும், அந்த விரல் இன்னும் மோசமாக உறுத்தியது. மருமகனைப் பிடித்துப் போன நாளில்தானா சந்தேகமும் வர வேண்டும்?

வெறுங்கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்கு வந்தவள் அஸ்மியாவைக் கண்ணால் கூப்பிட்டாள்.

“மகள், அவரு இண்டைக்கு வோட்டுப் போட்டாரா?”

“போட்டிருப்பாருதானே. அதுக்குத்தானே போன.”

“கேட்டயா?”

“கேட்டன். ‘போன வேல முடிஞ்சி’ எண்டாரு.” அஸ்மியாவின் குரல் மெதுவாகத் தேய்ந்தது. “ஏன் உம்மா?”

“விரலப் பார்த்தயா நீ?”

அஸ்மியா தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவிடுக்கால் ஹோலைப் பார்த்தாள். நௌஷாட் இடது கையைக் கதிரைக் கைப்பிடிக்குக் கீழே தொங்க விட்டிருந்தான். அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை.

“நீங்க எப்ப பார்த்தாலும் அவர்ல ஒரு குற்றம் தேடுற. செருப்ப எங்க கழட்டுறாரு, எத்தின மணிக்கு வாறாரு, ராத்தா ஊட்ட என்னத்துக்குப் போறாரு...”

“நான் குற்றம் தேடல்ல மகள். எனக்குத் தெரிஞ்சிக்கணும்.”

“தெரிஞ்சிக்கணுமெண்டா அவர்ட்டக் கேளுங்க. என்னட்டக் கேட்கிறீங்க, வாப்பாட்டக் கேட்கிறீங்க, ஊரெல்லாம் கேட்கிறீங்க. அவர்ட்ட மட்டும் கேட்கிறேல!”

அவள் போய்விட்டாள். போய்ப் பாயில் உட்காராமல், நௌஷாட்டின் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

பத்தரை மணிக்கு றஸீனாவின் கணவர் பாறூக் வந்தார்.

பாறூக்கின் இன்றைய நிலைமை வேறு. அவருடைய பெரியப்பா மகன் சாலிஹ் இந்த வட்டாரத்தில் சுயேச்சையாகத் தேத்தண்ணிக் கேத்தல் சின்னத்தில் நிற்கிறார். ஒரு மாதமாகப் பாறூக் தன் இரும்புக் கடையை அரைக் கதவோடு வைத்துவிட்டு, வீடு வீடாகக் கேத்தலைத் தூக்கித் திரிந்தார். இரவு முழுக்க சாலிஹ் வீட்டில் இருக்க வேண்டியவர். வட்டார முடிவு வர முதல் இங்கே வருகிறார் என்றால் விஷயம் வேறு.

உள்ளே வந்தவர் நேரே டீவியை நிறுத்தினார்.

“வாப்பா! இன்னும் எங்கட சபை வரல்ல” என்று பாஹிம் துள்ளினான்.

பாறூக் அவனைப் பார்க்கவில்லை. “மருமகன், நீங்க இண்டைக்கு வோட்டு எங்க போட்ட?”

நௌஷாட் எழுந்து நின்றான். “ஓட்டமாவடிக்குத்தான் மாமா போன.”

“எங்க போன எண்டு நான் கேட்கல்ல. எங்க போட்ட எண்டுதான் கேட்கன்.”

நௌஷாட் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“மூண்டரை மணிக்கு எங்கட வாக்களிப்பு நிலையத்துக்கு முன்னால நீங்க நிண்டிரிக்கீங்க. கேத்தலுக்கு எதிரா வேல செஞ்ச பொடியன்மாரோட. சாலிஹ்ட ஆளுகள் ரெண்டு பேர் கண்டிரிக்காங்க. அவ்வளவு சனத்துக்கு முன்னால வச்சி சாலிஹ் என்னட்டக் கேட்கான், ‘பாறூக், ஒன்ட மருமகன் எந்தப் பக்கம்?’ எண்டு. நான் என்ன சொல்ல?”

“நான் ஒரு பக்கமும் இல்ல மாமா. அவனுகள்ல ஒருத்தன் என்னோட படிச்சவன். கண்டான், கதைச்சான்.”

“உங்கட வோட்டு ஓட்டமாவடியில எண்டா இஞ்ச என்னத்துக்கு நிண்ட?”

அஸ்மியா எட்டி நௌஷாட்டின் இடது கையைப் பிடித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சின்ன விரலைத் தன் பெருவிரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு கையை விடவில்லை, ஆனால் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வோட்டுப் போடல்ல அவரு” என்றாள்.

ஸாதியா மெல்ல எழுந்து கோதுகளைக் கூட்டிப் பொறுக்கத் தொடங்கினாள். இந்த இடத்தில் தான் இருப்பதா போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாஹிமுக்கு மட்டும் வேறு யோசனை. பத்தொன்பது வயது, எதையும் போனில் தட்டிப் பார்த்தால் சரி என்று நம்புகிற வயது. “வாப்பா, இதுக்கு ஏன் சண்ட? எந்த ஊட்ட பதிவெண்டு பார்த்தா முடிஞ்சிதானே. அடையாள அட்ட நம்பர அடிச்சா தேர்தல் பக்கத்தில எல்லாம் வரும். மச்சான், நம்பரச் சொல்லுங்க.”

“வேணா பாஹிம்” என்றான் நௌஷாட். முதல் தடவையாக அவன் குரல் அவசரப்பட்டது. “விடு.”

“சொல்லுங்களன்.”

“வேணா எண்டு சொன்னன்.”

அஸ்மியா தலையை நிமிர்த்தினாள். கடகடவென்று ஒரு இலக்கத்தைச் சொன்னாள். கணவனின் அட்டை இலக்கம் அவளுக்கு மனப்பாடம் என்பதை அன்றைக்குத்தான் அந்த வீடு அறிந்தது. பாஹிம் தட்டினான். மூன்று பேர் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். றஸீனாவும் தன்னை அறியாமல் ஸ்டூலை விட்டு எழுந்து ஹோல் நடுவுக்கு வந்திருந்தாள்.

வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.

“பதிவு இல்லயாம்” என்றான் பாஹிம். “பிழையா அடிச்சிட்டனோ?”

மறுபடி தட்டினான். மறுபடி அதே பதில். அந்த இலக்கத்தில் வாக்காளர் இல்லை. ஓட்டமாவடியில் இல்லை, ஏறாவூரில் இல்லை, நாட்டில் எங்கேயும் இல்லை.

“அதுதான் சொன்னன், வேணா எண்டு” என்றான் நௌஷாட்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கதிரையில் உட்கார்ந்து, நடந்ததை வேறு யாருக்கோ நடந்த மாதிரிச் சொன்னான்.

“காலயில ஓட்டமாவடிக்குப் போனன். லிஸ்ட்ல உம்மாட பேர் இரிக்கி, நஸீபா ராத்தாட பேர் இரிக்கி, அவட மாப்பிள்ள ஹமீட் மச்சான்ட பேர் இரிக்கி. என்டது இல்ல. மச்சான்ட்டப் போய்க் கேட்டன். ‘நீ கலியாணம் முடிச்சி ஏறாவூருக்குப் போயிட்டாய்தானே, அதால நான்தான் வெட்டிவிட்ட. அங்க போட்டிருப்பாங்க’ எண்டாரு. அவரச் சொல்லிக் குற்றமில்ல. அது ராத்தாக்குச் சீதனமாக் குடுத்த ஊடு, நான் அங்க விருந்தாளி. பகல் அங்க சாப்பிட்டுட்டு, அப்ப இஞ்ச இரிக்கும் எண்டு வந்தன். மூண்டரைக்கு இஞ்ச பார்த்தன். மாமாட பேர் இரிக்கி, மாமிட பேர், அஸ்மியா, பாஹிம். நாலு பேர். அஞ்சாவது இல்ல.”

“பிறகு அஞ்சு மணிவரைக்கும் எங்க இரிந்த?” என்றாள் அஸ்மியா.

“வாவிக் கரையில. ஊட்ட வந்தா என்ன சொல்ற எண்டு யோசிச்சிட்டு இரிந்தன். சொன்னா மாமி சங்கடப்படுவா.”

எல்லாருடைய கண்ணும் றஸீனாவிடம் வந்தது. ஏனென்றால் வாக்காளர் பதிவுக்கு வீட்டாரின் பேர் கொடுக்கிற படிவத்தை எழுதியது யாரென்று எல்லாருக்கும் தெரியும். இந்த வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் பாறூக் பேனையை மனைவியிடம் நீட்டுவார். கையெழுத்தும் அவளுடையதுதான் அழகு.

கலியாணம் முடிந்து பத்தாம் நாள் அந்தப் படிவத்தோடு கிராம சேவகர் வந்தது, பந்தல் தடி இன்னும் முற்றத்தில் கிடந்தது எல்லாம் றஸீனாவுக்கு இப்போது கண்ணில் வந்தது. பெயர்களை எழுதிக் கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டு, “மருமகன்ட பேர்?” என்று கேட்டார். அவரில் ஒரு பிழையும் இல்லை, கேட்டார்.

“மறந்திருப்பீங்க உம்மா, என்ன?” என்றாள் அஸ்மியா. அவள் கண் கெஞ்சியது. மறந்துவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாரும் சிரித்துவிட்டு டீவியைப் போடலாம். கலியாண வீட்டு அலைச்சலில் யாருக்குத்தான் மறதி வராது?

அந்தச் சொல் றஸீனாவின் நாக்கு நுனிவரை வந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே வெடிச் சத்தம். ஒன்று, இரண்டு, பிறகு சரம் சரமாக மாலை வெடி. பாறூக்கின் போன் அலறியது. எடுத்து, “ஆ, ஆ, அல்ஹம்துலில்லாஹ்” என்றார். “இருநூத்திப் பன்னிரண்டால சாலிஹ் வெண்டுட்டான்” என்று வீட்டாருக்குச் சொன்னார். தெருவில் கேத்தல், கேத்தல் என்று கத்திக்கொண்டு ஒரு முச்சக்கரவண்டி ஓடியது. மாலை போடப் போக வேண்டியவர் போகவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

“நான் இந்த ஊட்டுக்கு வந்த கிழமயே ஒன்ட உம்மா என்ட பேர எழுதினா றஸீனா” என்றார். “அவட பேருக்குக் கீழ. ரெண்டாவதா.”

அதோடு மறதி என்கிற சொல் றஸீனாவின் தொண்டைக்குள் திரும்பிப் போய்விட்டது. பத்து மாதமாகக் கதவுக்குப் பின்னால் நின்று பேசியவள் இப்போது மருமகனுக்கு நேரே நின்றாள்.

“மறக்கல்ல மகன். கிராம சேவகர் கேட்டாரு. நான்தான் ‘அவர்ட பேர் ஊர்ல இரிக்கும்’ எண்டன்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “புது மாப்பிள்ளைட்ட அட்ட கேட்க வெக்கம் எண்டு அப்ப எனக்கே சொல்லிக்கிட்டன். அது பொய். இரிக்கிறாரா எண்டு பார்த்துட்டு எழுதுவம் எண்டுதான் நினச்ச.”

பத்து மாதமாக எந்த நேரமும் இவன் போய்விடுவான் போய்விடுவான் என்று காவல் காத்தவள், வந்த பத்தாம் நாளே அவனை வெளியில் நிறுத்தியது தான்தான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வெட்கத்தில் முகம் கொதித்தது.

நௌஷாட் சற்று முன் ஊர்களின் கதை சொன்னபோது இருந்த அதே தெளிவான பார்வையோடு அவளைப் பார்த்தான். அவனிடம் கோபமும் இல்லை, நையாண்டியும் இல்லை. உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேட்கிறவன் மாதிரித்தான் கேட்டான்.

“அப்ப இண்டைக்கு ராவு நான் எந்த ஊட்டுக்குப் போக மாமி?”

றஸீனா வாயைத் திறந்தாள். அதற்குள் அஸ்மியா எழுந்துவிட்டாள்.

“எங்கயும் போறேல. இரிங்க” என்று கணவனிடம் சொன்னாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் றஸீனாவுக்கு இலேசாக இருந்திருக்கும்.

“உம்மா, கலியாணத்தண்டு இந்த ஊட்ட நீங்க எனக்கு எழுதித் தந்த. ஒப்பம் வச்ச நேரம் நீங்க அழுத. அண்டையிலிருந்து இது என்ட ஊடு. அப்ப அந்தப் படிவமும் என்னட்டத்தான் வந்திரிக்கணும். ஆரு இஞ்ச இரிக்கிற, ஆரு இல்ல எண்டு நான்தான் எழுதியிருக்கணும்.”

“மகள்...”

“அடுத்த படிவம் வரக்குள்ள நான் எழுதுவன். முதலாவது என்ட பேர். ரெண்டாவது அவர்ட பேர்.” அஸ்மியா நிறுத்தினாள். “மற்றப் பேருகள எப்பிடி எழுதுற எண்டு நாளைக்குச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நாம ரெண்டு பேரும் இரிந்து கதைப்பம்.”

வெளியே இன்னொரு மாலை வெடி தொடங்கியது. நாற்பத்தாறு வருடத்துக்கு முன் இதே வீட்டில்தான் றஸீனா பிறந்தாள். இப்போது ஹோல் நடுவில் நின்றுகொண்டு, உள்ளே போவதா, அல்லது உட்காருங்கள் என்று யாராவது சொல்லும்வரை காத்திருப்பதா என்று தெரியாமல், மகளின் முகத்தைப் பார்த்தாள்.